சீகொங் வகுப்பில் விரல் மடங்கினால் அது சக்தி இல்லை, பணம் கட்டாதீர்கள்

மூச்சும் மெதுவான அசைவும் சேர்ந்த சீனப் பயிற்சிதான் சீகொங். சீனாவுக்கே போய் அதைக் கற்கிறவர்களும் சரி, இணைய வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்களும் சரி, ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். வித்தை பழையது. விற்கிற பெயர்தான் மாறுகிறது.

முதல் நாள் உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்க்கச் சொல்வார்கள். பிறகு பந்தைப் பிடித்ததுபோல் ஒரு சாண் இடைவெளியில் வைத்து, மெல்ல நெருக்கி, மெல்ல விலக்க வேண்டும். காந்தம் தள்ளுவதுபோல் ஏதோ தெரியும். "இதுதான் உங்கள் சீ" என்பார்கள். (நம் காதுக்கு அருவருப்பாகக் கேட்டாலும், சீனத்தில் காற்று, மூச்சு, உயிர்ச்சக்தி எல்லாவற்றுக்கும் அதே சொல்தான்.) தேய்த்த தோலில் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறது, கவனம் முழுக்க விரல்நுனியில் நிற்கிறது. யார் செய்தாலும் வரும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இப்போதே செய்து பாருங்கள், கட்டணம் இல்லை.

அடுத்தது மூச்சு. பணம் பிடுங்குவது இங்கேதான். இருபது நிமிடம் வேகமாக, ஆழமாக இழுத்து விடச் சொல்வார்கள். உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், தலை லேசாகும், விரல்கள் தாமாக உள்நோக்கி மடங்கி இறுகும். சிலர் அழுதுவிடுவார்கள். "அடைப்பு திறக்கிறது, இரண்டாம் நிலைக்கு நீங்கள் தயார்" என்று அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த கட்டணம் கேட்கப்படும். நடந்தது வேறு. ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு போதும் உடம்புக்கு. அதற்கு மேல் இறைத்தால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும், ரத்தத்தில் காரத்தன்மை கூடும், அதில் தனித்து நிற்கும் கால்சியம் குறையும், நரம்புகள் துடிக்கும். மூளைக்குப் போகும் குழாய்களும் சுருங்கும், அதனால்தான் அந்தக் கிறுகிறுப்பு. நிறுத்தி, உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் சற்று நேரத்தில் தெளியும். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ ஆசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மரம்போல் நிற்கும் ஜான் ஜுவாங்கிலும் இதே கதைதான். முட்டியை லேசாக மடக்கி அசையாமல் நின்றால் சில நிமிடங்களில் தொடை நடுங்கும். தசை களைத்த நடுக்கம் அது. அதைச் 'சக்தி ஓட்டம்' என்று சொல்லி, முதல் வாரமே அரை மணி நேரம் நிற்கவைக்கிறார்கள். புதியவர்களுக்கு மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் போதும். களைத்தவர் முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொள்வார். ரத்தம் காலிலேயே தேங்கும், ஆள் சரிந்து விழுவார்.

உண்மையில் என்ன கற்றுத்தர வேண்டும்? பாதுவான்ஜின் என்ற சீகொங் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டே அசைவுகள். சீன அரசின் விளையாட்டுத் துறை 2003-இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட நான்கு தொகுதிகளில் இதுவும் ஒன்று. முழுதும் செய்ய ஏறக்குறைய 12 நிமிடம். இதில் ரகசியம் எதுவும் இல்லை, 'பரம்பரைத் தீட்சை'யும் தேவையில்லை. ஆசிரியருக்குக் கொடுக்கும் காசு அவர் கண்ணுக்கு: நம் தப்பை அவர் பார்த்துத் திருத்த வேண்டும். இரண்டாம் அசைவில் வில்லை இழுக்கும்போது எதிர்க் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்து நிற்கும், மற்ற மூன்றும் மடங்கியிருக்கும், மணிக்கட்டு பின்னுக்கு மடங்கி உள்ளங்கை நிமிர்ந்து நிற்கும். காலை அகட்டி முட்டியை மடக்கி நிற்கும் குதிரை நிலையில் முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது, உள்பக்கம் சாயவும் கூடாது. முட்டி வலியோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆறாம் அசைவில் குனிந்து காலைத் தொட முடியாவிட்டால் கெண்டைக்காலோடு நிறுத்தலாம். முதுகுத்தட்டு பிதுங்கியவர்களை 'இன்னும் கீழே' என்று அழுத்துகிறவர் ஆசிரியரே இல்லை. தலையைத் தாழ்த்திச் சுழற்றும் ஐந்தாம் அசைவை ரத்தக்கொதிப்பும் தலைசுற்றலும் உள்ளவர்கள் மிகச் சிறிதாகச் செய்ய வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

அடுத்த ஆபத்து குடிக்கக் கொடுப்பது. 'செய்தி ஏற்றிய நீர்' என்ற பெயரில் வெறும் தண்ணீரை விற்பது 1980-களின் சீகொங் மோகத்திலிருந்து வருகிறது. அண்டத்தின் செய்தியைப் பிடிக்க அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்ததும் அதே மோகத்தில்தான். தண்ணீரோடு நின்றால் நஷ்டம் காசோடு போகும். அற்புத வைத்தியர் என்று பெயர் எடுத்த ஹூ வான்லின் கொடுத்த மருந்தில் பெருமளவு சோடியம் சல்பேட் இருந்தது. உயிர்கள் போயின, 2000-இல் 15 ஆண்டுச் சிறை. வெளியே வந்தவர் 2013-இல் சீனாவின் லோயாங் நகரப் பக்கம் ஒரு முகாமில் மறுபடியும் குடிக்கக் கொடுத்தார், மாணவர் ஒருவர் இறந்தார், மறுபடியும் சிறை. சர்க்கரை, வலிப்பு, ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் முகாமிலிருந்து அன்றே கிளம்புங்கள்.

மனநோய் வந்து தேறியவர்களும், வீட்டில் யாருக்காவது அது இருந்தவர்களும் மணிக்கணக்கான தியானம், மூச்சடக்கல், சக்தியை முதுகில் ஏற்றும் கற்பனைப் பயிற்சி மூன்றையும் தவிர்ப்பது நல்லது. தூக்கம் கெடலாம், காதில் குரல் கேட்கலாம், உடம்பு கட்டுக்கடங்காமல் ஆடலாம். சீனர்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1994-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டிலும் இது இடம்பெற்றது. 'சுத்திகரிப்பு நடக்கிறது, தொடருங்கள்' என்று ஆசிரியர் சொன்னால் கேட்காதீர்கள். அப்போது பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: எல்லா நிலைகளுக்கும் மொத்தம் எவ்வளவு, நடுவில் விட்டால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். மூன்று நாளில் பயிற்றுநர் சான்றிதழ் என்றால் அது வெறும் காகிதம்.

சேருமுன் எட்டாம் அசைவை மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். குதிகாலைத் தூக்கி, ஒரு கணம் நின்று, பாதி தூரம் மெதுவாக இறங்கி, மீதியை மெல்லத் தட்டுவதுபோல் தரையில் விட வேண்டும். ஏழு முறை. 'தொம்' என்று குதித்தால் அவர் பாதுவான்ஜினையே ஒழுங்காகக் கற்கவில்லை.