லோத்தோங் பார்க்க எங்கே போகலாம்: தேசியப் பூங்காவா, கொடிமலையா, தண்ணீர்மலையா?

குரங்கு பார்க்க வேண்டும் என்று பினாங்குக்கு வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது தெலுக் பஹாங் தேசியப் பூங்காவைத்தான். 2003-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா. காடும் கடலும் ஒட்டிய நல்ல இடம், நடக்கவும் சுகம். ஆனால் மங்கி பீச்சில் உங்கள் பையைக் குறிவைத்து வருவது எங்கும் காணும் நீள்வால் குரங்கு. அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்?

பார்க்க வேண்டியது லோத்தோங் என்கிற இலை தின்னும் குரங்கு. சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை மை தீட்டியதுபோல வளையம். அருகிவரும் இனம். குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் சாம்பலாகிவிடும். தேசியப் பூங்காவிலும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் உச்சிக்கிளையில் இலை அசைவதோடு சரி.

மிச்சம் இரண்டு இடங்கள். கொடிமலையில் (பினாங்கு ஹில்) ரயில் ஏறினால் கால் நோகாது. மேலே ஹேபிட்டாட் என்ற இயற்கைப் பூங்காவில் மரங்களுக்கு நடுவே 230 மீட்டர் நீளத்தில் தொங்கும் பாலம் இருக்கிறது. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் குரங்கை அங்கே கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். ஒரு தாயின் குட்டியை இன்னொரு பெண் குரங்கு வாங்கி மடியில் வைத்துக்கொள்வதுகூடத் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால். ஆனால் ரயிலுக்கு ஒரு டிக்கெட், உள்ளே நுழைய இன்னொன்று. நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி விடுமுறை என்றால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

தண்ணீர்மலை தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்க்கலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஒரே நிபந்தனை, காலையில் சீக்கிரம் போக வேண்டும். பசியாறிவிட்டு மெதுவாகப் போனால் வெயில் ஏறி, லோத்தோங்குகள் நிழலில் சாய்ந்துவிடும். ஓட்டக்காரர்கள் போகும் பாதையை விட்டு, காடு ஒட்டிய ஓரமாக நில்லுங்கள். இலை சலசலத்தால் மேலே பாருங்கள். நீளமான வால் தொங்கும்.

வாழைப்பழம் மட்டும் கொண்டுபோக வேண்டாம். இலையை நொதிக்கவைத்துச் செரிக்கும் வயிறு லோத்தோங்குக்கு. இனிப்புப் பழம் ஒத்துக்கொள்ளாது. நீள்வால் குரங்குகளுக்குக் கொடுத்தாலும் தப்புதான், அது வேறு கதை.

எங்கே போனாலும் ஒரே காடுதான் என்று சொல்லலாம்: 2021-இல் யுனெஸ்கோ அறிவித்த உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் மூன்றுமே வருகின்றன. அப்புறம், பிள்ளைகள் அடம்பிடித்து தெலுக் பஹாங்குக்கே போக நேர்ந்தால், காரில் போகும்போது சாலைக்கு மேலே பார்க்கச் சொல்லுங்கள். குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்க, தீயணைப்புக் குழாய்களை வைத்து 2019-இல் கட்டிய பாலம் ஒன்று அங்கே உண்டு.