பேருந்துக்கு எரிவாயுவா, மின்சாரமா?

டெல்லியின் பேருந்துகளை சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் ஆணையிட்டது; பல இழுபறிகளுக்குப் பின் 2002 இறுதியில் அந்த மாற்றம் நிறைவேறியது. சீனாவின் ஷென்சென் நகரமோ 2017 இறுதிக்குள், 16,000-க்கும் மேற்பட்ட தன் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது.

கரும்புகையை ஒழிப்பதில் எரிவாயு பழைய டீசலைவிட மிக மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பசுங்குடில் வாயுக்களின் கணக்கில் அது தடுமாறுகிறது. எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். குழாயிலும் எந்திரத்திலும் எரியாமல் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கால அளவில், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பத்தைத் தேக்கிவைக்கும் என்பதால், சிறு கசிவுகூடக் கிடைத்த ஆதாயத்தைக் கரைத்துவிடும்.

மின்பேருந்துக்குப் புகைபோக்கியே இல்லை. சாலையோரம் நிற்பவர் சுவாசிக்கும் காற்றுக்கு இது உடனடி நன்மை. டயர், பிரேக் தேய்மானத் தூசி போன்றவை மட்டும் தொடரும். இந்திய மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்ற மறுப்பு நியாயமானதே. எனினும் பெறும் ஆற்றலை அதிகம் வீணாக்காமல் இயக்கமாக மாற்றும் திறன் மின் மோட்டாருக்கு மிக அதிகம். மேலும், காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகப் பெருக, ஏற்கெனவே ஓடும் அதே பேருந்து தானாகவே தூய்மையாகும். எரிவாயு எந்திரத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு.

விலையும், பணிமனைக்கு உயர் அழுத்த மின்னிணைப்பும் பெரிய தடைகள். ஷென்சென் அவற்றை அரசு மானியத்தால் கடந்தது. புதிதாக வாங்கும் நகரப் பேருந்துகளுக்கு நான் மின்சாரத்தையே பரிந்துரைப்பேன்.