முன் கண்ணாடி மாற்றியாச்சு, அடாஸ் கேமராவை யாரிடம் விடுவது? ஓர் ஒப்பீட்டு அலசல்

லாரி டயரிலிருந்து ஒரு ஜல்லிக் கல் தெறித்து முன் கண்ணாடி விரிசல் விடுவது நம் நெடுஞ்சாலைகளில் புதிதல்ல. சில வருடங்கள் முன்பு வரை கண்ணாடியை மாற்றி, பேஸ்ட் காய்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது. 2021-இல் எக்ஸ்யூவி700, ஆஸ்டர் கார்கள் அடாஸோடு வந்தன. லேனைக் கவனிப்பது, தானாகப் பிரேக் போடுவது போன்ற ஓட்டுநர் உதவி வசதிகளைத்தான் அடாஸ் என்கிறார்கள். பிறகு ஹோண்டா சிட்டி, வெர்னா, கிரெட்டா, செல்டாஸ், ஹாரியர், இன்னோவா ஹைகிராஸ் என்று குடும்பங்கள் வாங்கும் வண்டிகளின் மேல் வேரியன்ட்களில் அடாஸ் பரவிவிட்டது. இவற்றில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியோடு ஒட்டிய பிராக்கெட்டில் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி மாறினால் கேமராவின் பார்வையும் மாறும். அதைத் திரும்பச் சரிசெய்வதுதான் கேலிப்ரேஷன்.

பலர் நினைப்பதுபோல் இதில் கேமராவைத் திருகித் திருப்புவது பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. புதுக் கண்ணாடியில் கேமரா எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேன் டூல் என்ற கருவி மூலம் அளந்து, அந்த வித்தியாசத்தை அதன் நினைவகத்தில் எழுதுகிறார்கள். இந்த வேலை நடக்காவிட்டால் கேமரா பழைய கண்ணாடியின் கணக்கை வைத்துக்கொண்டே புதுக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்.

பிழை எவ்வளவு பெரிதாகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கேமரா பக்கவாட்டில் 1 டிகிரி விலகினால், 100 மீட்டர் முன்னால் இருப்பது 1.75 மீட்டர் தள்ளித் தெரியும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். ஆகவே பக்கத்து லேனில் போகும் வண்டியை நம் லேனில் போவதாக எடுத்துக்கொள்ள அந்த ஒரு டிகிரி போதும்.

மேல்கீழ் பிழை இதைவிட மோசம். ஒற்றைக் கேமரா தூரத்தைக் கணிக்கும் வழிகளில் ஒன்று, முன்னால் போகும் வண்டியின் டயர் ரோட்டைத் தொடும் இடம் அடிவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்ப்பது. கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் முன்னால் உள்ள டயர் சுமார் 1.5 டிகிரி கீழே தெரியும். கேமரா அரை டிகிரி கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ உட்கார்ந்து, அது மென்பொருளுக்குத் தெரியாமல் போனால், அதே வண்டி 75 மீட்டரிலோ 37 மீட்டரிலோ இருப்பதாகக் கணக்கு வரும். 50-ஐ 75 என்று நினைத்தால் 25 மீட்டர் பிழை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 25 மீட்டரைக் கடக்க ஒரு விநாடிதான் ஆகும், தானாகப் பிரேக் போட வேண்டிய நேரமும் அந்த ஒரு விநாடிதான். கேமரா வேறு தடயங்களையும் பார்க்கிறது, ரேடார் இருந்தால் அதுவும் திருத்துகிறது என்பது உண்மை. ஆனாலும் அடிப்படை அளவே தப்பாக இருக்கும் கருவியை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனம் வராது.

முதல் போட்டி: ஒட்டுவதா, மாற்றுவதா

கண்ணாடியை மாற்றாமலே தப்பிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நாணயம் அளவுக்குள் உள்ள சிறு தெறிப்பு என்றால் ரெசின் ஏற்றி அடைத்துவிடலாம். கண்ணாடி இடம் மாறாது, கேமராவைத் தொட வேண்டியதில்லை, செலவும் மிகக் குறைவு. தெறிப்பு பட்ட அன்றே அதன்மேல் ஒரு செல்லோடேப் ஒட்டிவிட்டால் தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது, ரெசின் நன்றாகப் பிடிக்கும். வெயிலில் நின்ற வண்டியில் ஏசியை முழு வேகத்தில் திருப்பினால் சின்னத் தெறிப்பும் நீள விரிசலாக ஓடும். ஆகவே அடைக்கும் வரை கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கேமராவுக்கு நேர் முன்னால் உள்ள பகுதியிலோ டிரைவரின் நேர்ப்பார்வையிலோ தெறிப்பு விழுந்தால் இந்தக் கதை செல்லாது. ரெசின் அடைத்த இடத்தில் ஒளி கொஞ்சமாவது வளையும். நம் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், கேமரா பொறுக்காது. அங்கே மாற்றுவதே சரி.

பலகையா, ரோடா

கேலிப்ரேஷனில் இரண்டு முறைகள் உண்டு. ஸ்டாட்டிக் முறையில் வண்டியை நிறுத்தி, முன்னால் கறுப்பு வெள்ளை வடிவங்கள் அச்சிட்ட டார்கெட் பலகையை வைத்து அளக்கிறார்கள். டைனமிக் முறையில் ஸ்கேன் டூலை மாட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டுகிறார்கள், கேமரா லேன் கோடுகளையும் மற்ற வண்டிகளையும் பார்த்துத் தன் கோணத்தைக் கற்றுக்கொள்கிறது. எந்த மாடலுக்கு எந்த முறை என்பதை வண்டிக் கம்பெனி தீர்மானிக்கிறது. சிலவற்றுக்கு ஒன்று மட்டும், சிலவற்றுக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, சிலவற்றுக்கு இரண்டில் ஏதாவது ஒன்று. டெஸ்லா போன்ற வண்டிகள் பலகை இல்லாமல் ஓட்டத்திலேயே தாமாகக் கற்றுக்கொள்கின்றன.

ஏதாவது ஒன்று போதும் என்ற இடத்தில் என் ஓட்டு பலகைக்குத்தான், நம் ஊர் ரோடுகள் அப்படி. டைனமிக் முறைக்கு இரு பக்கமும் தெளிவான லேன் கோடு, நேரான ரோடு, விட்டுவிட்டு இல்லாத சீரான வேகம், மழையில்லாத பகல் வெளிச்சம் வேண்டும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜிஎஸ்டி ரோட்டில் சாயங்காலம் சீரான வேகத்தில் போய்விட முடியுமா? வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை சுமார் 62 கிலோமீட்டர், ஆறு வழி, நேரானது. சென்னையில் இந்த வேலைக்குத் தோதான ரோடு அதுதான். அங்கேயும் லாரிகள் வரிசையாகப் போனால் கோடு மறைந்துவிடும். மாவட்டச் சாலைகளில் பெயின்ட் தேய்ந்த இடங்களே அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் காத்திருக்க நேரும். ஓட்டம் முடியாமலே திரும்பிவிட்டு ‘போகப் போகச் சரியாகிடும் சார்’ என்று சாவியை நீட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தானாகக் கற்கும் வண்டி என்று மேனுவலில் சொல்லியிருந்தாலொழிய அப்படிச் சரியாவது கிடையாது.

பலகை முறையில் இந்தத் தொல்லைகள் இல்லை, ஆனால் செய்யும் இடம் ஒழுங்காக இருக்க வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். வெயில் நேராகப் பலகையில் விழக் கூடாது, பின்சுவரில் கட்டம் போட்ட டைல்ஸோ போஸ்டரோ இருந்தால் கேமரா குழம்பும். டயர் காற்று சரியாக, டிக்கி காலியாக, உள்ளே ஆள் உட்காராமல் இருக்க வேண்டும். பலகையின் தூரத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வைக்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கு நடுவே சரிவான ஷெட்டில் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ஸ்கேன் டூலில் ‘ஓகே’ வாங்கும் வேலையைவிட, நல்ல ரோட்டில் முறையாகச் செய்த டைனமிக் எவ்வளவோ மேல்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள்: வீல் அலைன்மென்ட். பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளும் திசையை வைத்துத்தான் பலகையின் மையக்கோட்டைப் போட வேண்டும். பின் சக்கரம் லேசாகக் கோணியிருந்தால் வண்டி சற்றுப் பக்கவாட்டாகவே ஓடும். பாடியின் நடுக்கோட்டை வைத்துக் கேமராவைச் சரிசெய்தால், ரோட்டில் அது எப்போதும் ஓரமாகப் பார்க்கும்.

எந்தக் கண்ணாடி

கம்பெனிக் கண்ணாடியா வெளிக் கண்ணாடியா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆசாஹி இந்தியா, செயின்ட் கோபெய்ன் போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கிறார்கள், வெளிச்சந்தையிலும் விற்கிறார்கள். ஆகவே ‘வெளிக் கண்ணாடி’ என்றதும் மட்டம் என்று தள்ள வேண்டியதில்லை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஒரே மாடலில் அடாஸ் உள்ள வேரியன்டின் கண்ணாடியும் இல்லாத வேரியன்டின் கண்ணாடியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முன்னதில் கேமராவுக்கென்று தெளிவான ஜன்னல் விட்டிருப்பார்கள், பிராக்கெட்டைத் தொழிற்சாலையிலேயே இடம் பார்த்து ஒட்டியிருப்பார்கள். ஸ்டாக் இல்லை என்று அடாஸ் இல்லாத கண்ணாடியை எடுத்து, பழைய கண்ணாடியிலிருந்து பிராக்கெட்டைப் பெயர்த்து ஒட்டித் தந்தால் எந்த கேலிப்ரேஷனாலும் அதைக் காப்பாற்ற முடியாது. எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் அந்த வேலை வேண்டாம். ஆர்டர் போடும்போது வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், மழை சென்சார் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கண்ணாடி மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கே கொடுப்பது

கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாடலுக்கு உரிய மென்பொருள் இருக்கும், சரியான கண்ணாடி வரும். விலை கூட, காத்திருப்பும் கூட. ஒரு விஷயத்தை மட்டும் போனிலேயே கேளுங்கள்: டார்கெட் பலகை அந்தக் கிளையிலேயே இருக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா? அனுப்புவார்கள் என்றால் கேலிப்ரேஷன் ஆகாத நிலையில் வண்டி அவ்வளவு தூரம் ஓடும் என்று அர்த்தம்.

கண்ணாடி மட்டுமே செய்யும் கடைக்காரர்கள் பழைய பேஸ்டை அறுப்பதிலும் புதுப் பேஸ்டைச் சீராக ஓடவிடுவதிலும் கைதேர்ந்தவர்கள். அந்தக் கைப்பழக்கம் பல ஷோரூம் ஒர்க்‌ஷாப்களில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் கேலிப்ரேஷனை ‘நீங்க ஷோரூம்ல பார்த்துக்கோங்க’ என்று விட்டுவிடும் கடைகளும் உண்டு. சொந்தமாகக் கருவி வைத்து, உங்கள் மாடலுக்குச் செய்து, ரிப்போர்ட்டும் தருகிறார்கள் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

வீட்டு வாசலுக்கே வந்து மாற்றித் தரும் சேவை அடாஸ் இல்லாத வண்டிக்கு வசதிதான். அடாஸ் வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெருவில் பலகை வைக்க இடமில்லை, தரை சமமில்லை. பேஸ்ட் பிடிக்கும் முன் வண்டியை எடுத்து ஓட்டத்தில் கேலிப்ரேஷன் செய்யவும் முடியாது. அந்த பாலியூரித்தேன் பேஸ்ட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகுவது. ஒரு மணி நேரத்தில் பிடிப்பதும் உண்டு, ஒரு நாள் எடுப்பதும் உண்டு. டியூபில் போட்டிருக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விபத்தில் பக்கத்து சீட்டின் ஏர்பேக் அந்தக் கண்ணாடியில் மோதித்தான் விரியும். பேஸ்ட் சரியாகப் பிடிக்காவிட்டால் கண்ணாடியே பெயர்ந்துவிடும்.

இவற்றில் எனக்கு எது என்று கேட்டால், வண்டியைப் பொறுத்துச் சொல்வேன். ஹோண்டா சிட்டி, எலிவேட் போல எல்லா வேலையையும் ஒற்றைக் கேமராவை வைத்தே செய்யும் வண்டி என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர், கம்பெனிக் கண்ணாடி. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கேமராவின் கணிப்பைத் திருத்த அங்கே ரேடார் கிடையாது. கிரெட்டா, ஹாரியர், ஹைகிராஸ் போல ரேடாரும் சேர்ந்த வண்டி என்றால், கருவி உள்ள நல்ல கண்ணாடிக் கடையும் சரியே. ரேடார் முன்பக்கம் கீழே இருப்பதால் கண்ணாடி மாற்றுவதால் அது அசையாது. ஆனால் லேனைப் பார்ப்பது அங்கேயும் கேமராதான், ஆகவே கேலிப்ரேஷனை விட்டுவிடும் சலுகை அவற்றுக்கும் இல்லை.

இன்ஷூரன்ஸா, கைக்காசா

கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது, தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் ஆட்-ஆன் இல்லாத காம்பிரிஹென்சிவ் பாலிசியிலும் அப்படித்தான். ரப்பர் பீடிங்குக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் 1500 சிசி வரையுள்ள வண்டிக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முதல் எஸ்டிமேட்டிலேயே கேலிப்ரேஷனைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். பிறகு சேர்த்தால் இழுபறி.

கிளெய்ம் போட்டால், கிளெய்ம் இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். 50 சதவீதத்தில் இருப்பவர் சுழியத்துக்கு இறங்கி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித் திரும்ப 50-ஐ அடைய வேண்டும். இடையில் இழப்பதைக் கூட்டினால், நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 125 சதவீதம். அந்தப் பிரீமியம் 12,000 ரூபாய் என்றால் 15,000 ரூபாய். வருடாவருடம் வண்டி மதிப்பு இறங்குவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். கண்ணாடியும் கேலிப்ரேஷனும் சேர்ந்த பில் இதைத் தாண்டினால்தான் கிளெய்மில் லாபம். போனஸைப் பாதுகாக்கும் ஆட்-ஆன் இருந்தால் யோசிக்காமல் கிளெய்ம் போடலாம்.

சாவி வாங்கும் முன்

‘டேஷ்போர்டில் லைட் எதுவும் எரியலையே’ என்பது சான்று ஆகாது. கேமராவுக்குக் கரன்ட் வந்து படமும் தெரிந்தால் பல வண்டிகள் எச்சரிக்கையே காட்டாது, கோணம் தப்பு என்பது அதற்குத் தெரியாது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை, சேசிஸ் எண்ணும் தேதியும் போட்டு, கேலிப்ரேஷன் முடிந்தது என்ற வரியோடு வாங்குங்கள்.

பழைய ஃபாஸ்டேகைப் பெயர்த்தால் கிழிந்துவிடும், புதிது வாங்க வேண்டும். அதையும், சாமி ஸ்டிக்கரையும், ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனப் பொட்டையும் கேமராவின் பார்வைக்கு வெளியே வையுங்கள். முன் கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால், 70 சதவீத ஒளி ஊடுருவ வேண்டும் என்ற சட்டம் ஒருபுறம் இருக்க, கேமரா ஜன்னல்மேல் எந்த ஃபிலிமும் வரக் கூடாது.

பிறகு கோடு தெளிவாக உள்ள நேர் ரோட்டில், நெரிசல் இல்லாத நேரத்தில், ஸ்டீயரிங்கை விடாமல் ஓட்டிப் பாருங்கள். லேன் அசிஸ்ட் தொடர்ந்து ஒரே பக்கம் இழுத்தாலோ, டிஸ்ப்ளேயில் ஒரு பக்கக் கோடு மட்டும் அடிக்கடி காணாமல் போனாலோ, முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் க்ரூஸ் கன்ட்ரோலில் அந்த வண்டியோடு உள்ள இடைவெளி முன்னைவிட மாறித் தெரிந்தாலோ, மெனுவில் அந்த வசதிகளை அணைத்துவிட்டு ரிப்போர்ட்டோடு அதே இடத்துக்குத் திரும்புங்கள். தானாகப் பிரேக் பிடிக்கிறதா என்று அட்டைப்பெட்டியையோ ஆளையோ நிறுத்திச் சோதிக்க மட்டும் வேண்டாம்.