பால் கூலரின் சூட்டில் உறையும் தயிர்: மட்டக்களப்புச் செங்கலடியில் பூட்டிய சுடுதண்ணீர்த் தொட்டி

பால் கூலரின் பின்பக்கத்தால் காற்றில் போகும் சூட்டைப் பிடித்துத் தண்ணீர் சுடவைக்கும் தொட்டி ஒன்றைப் போன மாரிக்கு முன்பு பூட்டினோம். பால் சேகரிப்பவர்களும் தயிர் போடுபவர்களும் இதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல சாமான், வாங்கலாம். ஆனால் வாங்க முன் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

எங்கள் தொழில் இப்படி. கரடியனாறு, இலுப்படிச்சேனைப் பக்கத்துப் பட்டிகளில் விடியக் கறக்கும் பால் மோட்டார் சைக்கிளில் கேன் கேனாக வரும். ஒரு பங்கு 500 லீற்றர் கூலருக்குள் போய், பின்னேரம் லொறியில் ஏறும். மற்றப் பங்கை அப்படியே அடுப்பில் காய்ச்சி, சட்டியில் ஊற்றித் தயிராக்குவோம். கேன்களையும் கூலரையும் கழுவச் சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது. பால் கொழுப்பு பச்சைத் தண்ணீருக்குப் போகாது, மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்து அடுத்த நாள் பாலைப் புளிக்க வைக்கும். 2022இல் சமையல் கேஸ் கிடைக்காமல் போனபோது எல்லாவற்றுக்கும் விறகுக்கு மாறினோம். கழுவுகிற தண்ணீருக்கென்றே ஓர் அடுப்பு பகல் முழுக்க எரிந்தது. அந்தப் புகைக்குள் நின்றது எங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகள்.

கூலர் திருத்த வந்த கல்முனைத் தம்பிதான் முதலில் சொன்னார். "அக்கா, இந்தக் காத்துக்குக் கையப் பிடிச்சுப் பாருங்க. பாலில இருந்து எடுத்த சூடெல்லாம் இஞ்சதான் போகுது." உண்மைதான். 35 பாகையில் வரும் பாலை 4 பாகைக்கு இறக்கினால் அந்தச் சூடு எங்கேயாவது போகத்தானே வேண்டும்? 500 லீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 17 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரமும் கடைசியில் சூடாகி அதோடு சேர்கிறது. அவ்வளவையும் தகரக் கூரைக்குக் கீழே காற்றாடி வைத்துக் கலைத்துக்கொண்டிருந்தோம்.

புதிய அமைப்பில் கம்ப்ரசரிலிருந்து சூடாக வரும் கேஸ் (கூலரைக் குளிராக்கும் வாயு, சமையல் கேஸ் இல்லை), சூட்டைக் காற்றில் விடும் கண்டென்சர் சுருளுக்குப் போகமுன் ஒரு தட்டு வெப்பமாற்றிக்குள் நுழைகிறது. தட்டுகளின் ஒரு பக்கம் கேஸ், மறுபக்கம் தண்ணீர். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். சின்னப் பம்ப் ஒன்று தண்ணீரைத் தொட்டிக்கும் மாற்றிக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். பால் குளிர்ந்து முடியும்போது தொட்டியில் 50 பாகைக்கு மேல் சுடுதண்ணீர் நிற்கும். எங்கள் அனுபவத்தில் ஒரு லீற்றர் பாலுக்கு அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கிறது. கேன் கழுவும் அடுப்பை அணைத்துவிட்டோம். சட்டி அவிக்கவும் பால் காய்ச்சவும் மட்டும் விறகு எரிகிறது, அதற்கு இந்தச் சூடு காணாது. கண்டென்சரின் பாரம் குறைந்ததால் சித்திரை வெயிலிலும் கூலர் திணறாமல் ஓடியது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு இதில் பெரிய சந்தோசம் தயிர்தான். மாரியில் இரவுக் குளிருக்குத் தயிர் சரியாக உறையாது. விடிய மூடியைத் திறந்தால் சில சட்டியில் மேலே நீர் விட்டிருக்கும், சிலது கரண்டியில் நூல் மாதிரி இழுபடும். எருமைப் பாலில் செய்தாலும் அப்படித்தான். சாக்குப் போட்டு மூடுவோம், அடுப்படிக்குப் பக்கத்தில் அடுக்குவோம். அடுப்புக்குக் கிட்ட இருந்த சட்டி புளித்துப்போகும், தூரத்தில் இருந்தது பாலாகவே கிடக்கும். இப்போது ரெஜிபோம் (தெர்மோகோல்) அடித்த ஒரு பெட்டி அறை செய்து, சட்டி அடுக்கும் தட்டுகளுக்குக் கீழே செப்புக் குழாய் ஓடவிட்டு, தொட்டித் தண்ணீரை அதற்குள் சுற்றவிடுகிறோம். அறை 42 பாகையைத் தொட்டதும் தேர்மோஸ்டாட் பம்பை நிறுத்தும். உறை ஊற்றிய சட்டிகளை அந்தியில் உள்ளே வைத்தால் படுக்கப்போக முன்பே இறுகிவிடுகின்றன. வெட்டினால் விளிம்பு நிற்கிறது. மழை அடித்து ஊற்றிய கிழமைகளிலும் முதல் தட்டுச் சட்டிக்கும் கடைசித் தட்டுச் சட்டிக்கும் வித்தியாசம் இல்லை. எங்களிடம் நெடுங்காலமாகத் தயிர் எடுக்கும் ஏறாவூர்க் கடைக்காரர், "மறுகா என்ன, மாரியிலயும் கோடைத் தயிர்தான்" என்றார்.

டென்மார்க்கில் ஓடன்ஸ நகரத்தில் இருக்கும் என் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். அவர்களுடைய ஊரில் இதே வேலையைப் பேஸ்புக் கம்பனியின் தரவு மையம் செய்கிறதாம். கணினிகளிலிருந்து வரும் சூடான காற்று தண்ணீர் ஓடும் சுருள்களைக் கடக்கிறது. அந்த இளஞ்சூட்டை வெப்பப் பம்புகள் கூட்டி, வீடுகளைச் சூடாக்கச் சுடுதண்ணீர் கொண்டுபோகும் நகரத்துக் குழாய்களுக்குக் கொடுக்கின்றன. தொடங்கும்போதே வருடத்துக்கு 1,00,000 மெகாவாட் மணி வரை, 6,900 வீடுகளுக்குப் போதும் என்று திட்டமிட்டார்கள். டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு ஏற்கெனவே குழாயில்தான் வெப்பம் வருகிறது. அதனால் தரவு மையத்தை அதோடு இணைக்க முடிந்தது. இங்கிலாந்தில் எக்ஸ்மவுத் ஊரின் நீச்சல் குளத்தில் 2023இல் உடுப்புத் தோய்க்கும் மெஷின் அளவிலான கணினிப் பெட்டியை வைத்து, அதன் சூட்டைக் குளத்துத் தண்ணீருக்குக் கொடுத்தார்கள். வெப்பம் தூரம் போகாது. கொடுப்பவரும் வாங்குபவரும் பக்கத்தில் இருக்கவேண்டும். எங்களுக்கு அது பத்தடி தூரம். அதோடு எங்கள் கேஸ் வரும்போதே நல்ல சூடு, ஓடன்ஸ போல வெப்பப் பம்ப் தேவையில்லை. மட்டக்களப்பில் வீட்டைச் சூடாக்க ஒருவருக்கும் தேவையில்லைதான். ஆனால் ஐஸ் செய்பவர்கள், பாசிக்குடா ஹோட்டல்காரர்கள், மாரியில் கருவாடு காயாமல் தவிப்பவர்கள் எல்லோரும் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அவர்களில் பலர் பக்கத்தில் ஒரு கம்ப்ரசர் சூட்டைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

சரி, குறைகள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சில மாதத்திலேயே தட்டுகளுக்குள் வெள்ளையாகப் படிந்து, பம்ப் ஓடியும் தண்ணீர் சூடேறவில்லை. விற்ற கடை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, தண்ணீர் வடிகட்டியும் தரவில்லை. தொலைபேசி எடுத்தால், "ஆள் அனுப்புறம்" என்பார்கள், ஆள் வராது. கடைசியில் கல்முனைத் தம்பிதான் சிற்றிக் அமிலம் கரைத்து ஓடவிட்டுக் கழுவினார். இப்போது மழைத் தண்ணீரைப் பிடித்து நிரப்புகிறோம். தொட்டியின் மேல்மூடிக்கு வெப்பக் காப்பும் இல்லை, பகல் சேர்த்த சூடு அந்திக்குள் இறங்கிவிட்டது. ரெஜிபோம் சுற்றிய பிறகுதான் தயிருக்கு மிஞ்சியது. பால் குறைவாக வரும் நாளில் தண்ணீரும் குறைவு, அதற்கு வழியில்லை.

விலை ஒரு நல்ல கறவை மாட்டின் விலைக்குள் அடங்கும். மிச்சமாகும் விறகில் அது திரும்பிவிடும் என்று நம்பித்தான் வாங்கினேன், இதுவரை கணக்கு அந்தப் பக்கம்தான் போகிறது. வாங்குபவர்கள் இரட்டைச் சுவர் வெப்பமாற்றியைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத்தில் ஓட்டை விழுந்தால் கேஸும் கம்ப்ரசர் எண்ணெயும் கழுவும் தண்ணீருக்குள் வரும். இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ பாலில் சேர்க்கவோ கூடாது. பால் எடுக்காத நாட்கள் தொடர்ந்தால் தொட்டியைத் திறந்துவிட்டுக் காலியாக்குங்கள், இளஞ்சூட்டில் நிற்கும் தண்ணீரில் கிருமி பெருகும். தொட்டியின் அளவும் கூலரின் கொள்ளளவில் பாதிக்கு மேல் வேண்டாம். பெரிதாக எடுத்தால் தண்ணீர் முழுவதும் வெதுவெதுப்போடு நின்றுவிடும், கேனில் ஒட்டிய கொழுப்பு அதற்குப் போகாது.