மூட்டுவலிக்கு டயட் பேக்கேஜ் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

அம்மாவுக்கு ஆறு வருடமாக சரவாங்கி, டாக்டர் பாஷையில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட் என்று ஓரளவு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் விரல் மடங்க முக்கால் மணி நேரம் ஆகும், ஆனால் எட்டு மணிக்குள் காபி டம்ளரைப் பிடித்துவிடுவார். அந்த மாத்திரை ஈரலைக் கெடுத்துவிடும் என்று சொந்தக்காரர் ஒருவர் கிளப்பிவிட (முழுப் பொய்யும் இல்லை, அதற்காகத்தான் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்), போன ஆடியில் விளம்பரம் பார்த்து ஓர் உணவு ஆலோசகரிடம் போனோம்.

முதலில் 6,500 ரூபாய்க்கு ரத்தப் பரிசோதனை. நூறு உணவுக்கு மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்து ரிப்போர்ட் வந்தது. சிவப்பில் பால், கோதுமை, துவரம்பருப்பு, தக்காளி, அதாவது அம்மா தினமும் சாப்பிடுகிற எல்லாம். அது ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் சோதனை என்பதும், நாம் வழக்கமாகச் சாப்பிடுவதைத்தான் அது காட்டும், ஒவ்வாமைக்கு அதை நம்பாதீர்கள் என்று அலர்ஜி மருத்துவர் சங்கங்களே சொல்கின்றன என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அப்புறம் மூன்று மாத பேக்கேஜ், 18,000. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, லேபிளே இல்லாத கவரில் ஒரு பொடி கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் அம்மா குனிந்து வாசலில் கோலம் போட்டார். நானே நாலு பேருக்கு அவர்கள் நம்பரைக் கொடுத்தேன், அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் மாதம் முகம் உப்பியது, இல்லாத சர்க்கரை 240க்குப் போனது. அடுத்த பொடி வர பத்து நாள் தாமதமானதும் விரல் முட்டியெல்லாம் வீங்கி, எழுந்து நிற்கவே முடியவில்லை. பழைய மூட்டுவாத டாக்டரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "பொடி ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்பதுதான். சாப்பாட்டை மாற்றி ஐந்து நாளில் இந்த நோய் அடங்காது, ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அதைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து என்றார். பரிசோதனைக்குக் கொடுக்கப் பொடி மிச்சம் இல்லை, அதனால் கையில் ஆதாரமும் இல்லை.

அப்போ சாப்பாட்டுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, மத்தி, அயிலை மாதிரி மீனில் உள்ள ஒமேகா-3 வலியைக் கொஞ்சம் குறைக்கும், எடை குறைந்தால் முழங்காலுக்குச் சுமை குறையும், ஆனால் எல்லாம் மாத்திரையோடு சேர்த்துத்தான் என்றார். யூரிக் ஆசிட் ஏறி வரும் கவுட் வேறு நோய், ஆட்டு ஈரலும் பீரும் நேரடியாக ஆகாதது அதற்குத்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "புளி சேர்த்தீங்களா?" என்றார்கள். ரசத்தில் சேர்த்தோம் என்றேன். "அதனாலதான்."

அம்மாவின் வலது சுண்டுவிரல் இப்போது முழுதாக நீள்வதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருக்கிறது, அது திரும்ப வளராதாம். இப்படி லேபிள் இல்லாத பொடி யார் வீட்டிலாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், கவரோடு எடுத்துக்கொண்டு இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.