மெசின் தங்கம், பட்டிதான் தலையிடி

நான் வீட்டில் வைத்துப் பார்க்கிற பிரஷர் மெசினை வாங்கலாமா என்று சினேகிதர் ஒருவர் கேட்டிருந்தார். கையில் சுற்றிக் காற்றடிக்கிற அதன் பட்டியை மாற்றிய கையோடு எழுதுவதால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

மெசினில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிளினிக்கில் அங்குள்ள மெசினோடு அதே கையில் மாறி மாறிப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

பட்டிதான் வில்லங்கம். பெட்டியோடு வருவது 22 முதல் 32 செ.மீ. வரையான கைக்கு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் நாடாவைச் சுற்றிப் பாருங்க, 34, 35 வருகிற கை நம்மிடம் குறைவா? உள்ளே இருக்கிற காற்றுப்பை கையை 80 சதவீதமாவது சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் இரத்தக் குழாயை அமுக்கக் கூடுதல் காற்று வேண்டும், இல்லாத பிரஷரும் இருப்பதாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்தே பாதிப் பேருக்கு ஏறிவிடும். 22-42 பட்டி தனியாக வாங்க வேண்டும். மட்டக்களப்பில் கேட்டால் “கொழும்பில இருந்துதான் எடுக்கணும்” என்கிறார்கள். விலையைக் கேட்டால் மெசினையே இன்னொன்று வாங்கலாம் போல இருக்கிறது.

போதாக்குறைக்குக் குழாய். மெசினைச் சுற்றி இறுக்கி வைத்தால் பட்டியோடு சேருகிற இடத்தில் வெடிப்பு விழும். காற்று ஏறி ஏறி ‘ஈ’ என்று பிழை காட்டினால் முதலில் சொருகியை அழுத்திப் பாருங்க. சரிவராவிட்டால் பட்டியைப் போத்தலில் கட்டி ஓட விட்டு, இணைப்பில் சவர்க்கார நுரை தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். வெல்குரோ பிடிக்கவில்லையென்றால் அதில் சிக்கிய பஞ்சைப் பழைய பல் பிரஷால் எடுத்தால் போதும்.

பற்றரி அல்கலைன்தான் போட வேண்டும். மலிவானது ஒழுகும், கல்லடிப் பக்கத்து உப்புக்காற்றில் ஸ்பிரிங் பச்சை பிடித்துப் போகும். பற்றரியைக் கழற்றினால் திகதியும் அழியும், ஆகவே அளவைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

அளக்கிற விதத்திலும் கோளாறு உண்டு. கட்டிலில் கால் தொங்க இருந்து பார்ப்பது, பிளேன்ரீ குடித்த கையோடு பார்ப்பது, சட்டையின் நீளக் கையை இறுக்கிச் சுருட்டிவிட்டுப் பார்ப்பது எல்லாம் பிழை. அரை மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். கதிரையில் முதுகு சாய்த்து, பாதம் நிலத்தில் பட, 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பட்டி நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், 10 செ.மீ. தாழ்ந்தாலே 7, 8 கூடிக் காட்டும். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரமாக 7 நாள் எடுத்து, முதல் நாளை விட்டுச் சராசரி பாருங்க. வீட்டு அளவுக்கு எல்லை 135/85, கிளினிக்கின் 140/90 அல்ல. நாடித் துடிப்பு ஒழுங்கில்லை என்கிற அடையாளம் திரையில் அடிக்கடி வந்தால் எண்ணை நம்பாமல் டொக்டரிடம் காட்டுங்க.

வாங்கலாமா? காட்டுகிற அளவு திறம்தான். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்பேன். பெரிய பட்டியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தருகிற மெசின் கல்முனையில் கிடைத்தாலும் போய் அதை எடுங்க.