ஓசிஐ கார்டு வைத்து நாகர்கோவிலில் மனை: ஒரு பத்திர எழுத்து ஆபீஸ் பற்றி

இந்த ஆபீஸில் ஓசிஐ கார்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) நீட்டினால் முதல் கேள்வி விலை பற்றியல்ல. "பட்டாவில் நஞ்சையா, புஞ்சையா, மனையா?" என்றுதான் கேட்கிறார்கள். அதுவே நல்ல அறிகுறி. ஓசிஐக்காரர் வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, எஸ்டேட் வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "பத்து சென்ட் தென்னந்தோப்புதானே, வீடு கட்டிக்கிடலாம்" என்ற புரோக்கர் பேச்சு ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் முன் எடுபடாது. குலசேகரம் ரப்பர் தோட்டத்துக்கும் இதே கதிதான்.

1956 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், தாய்ப்பத்திரம் அதற்கு முந்தியது என்றால் மலையாளத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை வாசித்து, பழைய சர்வே எண்ணை இப்போதைய எண்ணோடு ஒத்துப்பார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். இதற்கே காசு கொடுக்கலாம்.

பவர் பத்திர (நமக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) விஷயத்தில்தான் சறுக்கல். வெளிநாட்டில் எழுதி, தூதரக அத்தாட்சியோடு வரும் பவருக்கு, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். இதை வாயால் சொல்வதோடு சரி, எழுதித் தருவதில்லை. கேட்டு வாங்குங்கள். பணமும் என்ஆர்இ, என்ஆர்ஓ என்ற, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கு வழியாகவோ வெளிநாட்டு வங்கியிலிருந்து நேராகவோ வர வேண்டும். டாலரைக் கையில் கொடுத்தால் செல்லாது. எழுத்துக்கூலி கொஞ்சம் கூடுதல்தான், முதலிலேயே பேசிவிடுங்கள்.